பனியில் விழும் கரி யார் செயல்?

வடதுருவத்தில் பனி உருகி வருவதைப் பற்றிப் பேச்செடுத்தால், "கலி முற்றிவிட்டது, கடவுள் சித்தத்தைத் தடுக்க யாரால் முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடவுள் சித்தத்திற்குக் கரியும் புகையும் உண்டா என்று நாம் கேட்கிறோம். ஏனெனில், அங்கு பனியின்மேல் விழுவது எண்ணெயும் நிலக்கரியும் விறகும் சரியாய் எரியாததால் உண்டாகும் சாதாரணப் புகைக்கரியேயாகும்.

வெள்ளை வேட்டியையும் கருப்புக் கம்பளியையும் வெயிலில் போட்டுத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் வேறு சாஸ்திரம் வேண்டியதில்லை. புதுப்பனி தன்மேல் படும் வெயிலில் 100க்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பனியோ உஷ்ணத்தை இழுத்துக்கொண்டு உருகும். உருகியபின் வெளிப்படும் கருங்கடல்நீர் இன்னும் அதிகமாய் இழுக்கும். உஷ்ணத்திற்கு முதற்காரணம் கரியமில வாயுதான் என்பதை நாம் மறுக்கவில்லை. கரி அதற்குத் துணை நிற்கிறது. 1979 முதல் வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. 2020 ஜூன் 20ந் தேதி சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்னும் ஊரில் வெயில் 38 டிகிரி!

இக்கரி காட்டுத் தீயிலிருந்தும், ருஷ்ய எண்ணெய்க் கிணறுகளில் வீணாய்க் கொளுத்தப்படும் வாயுவிலிருந்தும், கப்பல்கள் எரிக்கும் மட்டமான கசட்டு எண்ணெயிலிருந்தும் வருகிறது. அவ்வெண்ணெயை வடதுருவக் கடலில் எரிக்கக்கூடாதென்று சர்வதேசக் கடல்சார் நிறுவனம் செய்த விதி 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வெகு சந்தோஷம். ஆனால் அக்கடலோர நாடுகள் தங்கள் எல்லைக்குள் தங்கள் கொடியுள்ள கப்பல்களுக்கு 2029 ஜூலை 1 வரை விலக்குக் கொடுத்துக்கொள்ளலாமாம்! ஊராருக்கு விரதம் விதித்துவிட்டுத் தான் பலகாரம் தின்னும் புரோகிதனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

லாபம் கப்பல் முதலாளிக்கு. பனி மெலிந்து வேட்டைக்குப் போகும் வழியையே இழப்பது அங்கு குடியிருக்கும் இனுயிட் மக்கள்.

கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் நிற்கும். கரியோ சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் கீழே விழுந்துவிடும். ஆகவே இன்று புகையை நிறுத்தினால் இம்மாதத்திலேயே பலன் தெரியும். இவ்வளவு கைக்கெட்டிய பரிகாரத்தை வைத்துக்கொண்டு 5 வருஷம் தவணை கேட்பதும், விதியென்று கைகட்டி நிற்பதும் ஒன்றேயாகும். விலக்குகளை உடனே ஒழிக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.