கல்லாவில் நிற்பவர் உங்க ஸ்பானிஷ் வாத்தியார் இல்லை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை தாராளமாகக் கிடைக்கும். "பக்கத்து மளிகைக் கடைக்குப் போ, டாக்கோ கடைக்குப் போ, வேலை செய்யறவங்ககிட்ட பேசிப் பழகு. பைசா செலவில்லை." காமர்ஸ் படிக்கும் யாரும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: செலவில்லை, சரி, யாருக்கு?

கல்லாவில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் அம்மா. வரிசையில் ஆறு பேர். முன்னால் நிற்கும் மாணவர் இறந்தகால வினைச்சொல்லைத் தேடித் தேடி, "வார இறுதியில் என்ன செய்தாய்?" என்கிறார். ஆமாம், "செய்தாய்". ஸ்பானிஷிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு: 'தூ', 'ஊஸ்தெத்'. பாடப்புத்தகம் முதலில் பழக்குவது பெரும்பாலும் 'தூ'. அம்மா வயசுக்காரரை நீ போட்டுப் பேசிவிட்டு, அவர் சிரித்ததை "எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க!" என்று அசைன்மெண்டில் எழுதுகிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்? அதுக்கும் சேர்த்துத்தானே சம்பளம். இதுக்குப் பேர் ஓசி டியூஷன்.

இன்னொரு கொடுமை, ஆளின் நிறத்தைப் பார்த்தே ஸ்பானிஷ் என்று முடிவு கட்டுவது. அவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம். மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து வந்து, வீட்டில் மிக்ஸ்டெக் பேசுபவராக இருக்கலாம். அவருக்கே ஸ்பானிஷ் இரண்டாவது மொழி!

சரி, பேசினால் அவருக்கு என்ன நஷ்டம்? டெக்சாஸ் எல்லையில் பிரவுன்ஸ்வில் என்ற ஊர். அங்கே ஒரு மரக்கடையில் இரண்டு மொழி தெரியும் என்பதற்காகவே ஒரு விற்பனையாளரை எடுத்தார்கள். வாடிக்கையாளர் விரும்பினால் ஸ்பானிஷ் பேசலாம். வேலை நேரத்தில் சக ஊழியரிடம் பேசக் கூடாது. 1975இல் சக ஊழியர் கேட்ட கேள்விக்கு ஸ்பானிஷில் பதில் சொன்னார். அதையும் ஒரு காரணமாகக் காட்டி வேலையை விட்டு அனுப்பினார்கள். 'கார்சியா எதிர் க்ளூர்' என்ற அந்த வழக்கில், 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முதலாளி பக்கமே நின்றது. இரண்டு மொழி தெரிந்தவர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாமாம்!

அதாவது, காசு கொடுப்பவருக்குப் பயன்படும்போது அந்த மொழி திறமை. தொழிலாளி தனக்காகப் பேசினால் குற்றம். இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. தோற்றம், ஸ்பானிஷ் பேச்சு, நிற்கும் இடம், செய்யும் வேலை இவற்றை மட்டும் வைத்து ஆளை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் குடியேற்ற அதிகாரிகளுக்கு ஒரு நீதிமன்றம் தடை போட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. இந்த நிலையில், பத்து பேர் நடுவில் உரக்க "நீ எந்த ஊர்?" என்று கேட்பது மாணவருக்குப் பேச்சுப் பயிற்சி. எதிரே நிற்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

"மொழி ஆய்வுக்காகத்தானே" என்பவர்களுக்கு: 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில் 264 ஊழியர்களிடம் ஆய்வு செய்தார். கேட்டது, பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும். 'நான்காவது மாடி' என்ற பதிலில் 'ர்' ஒலி எப்படி வருகிறது என்று கவனித்துவிட்டு நகர்ந்தார். (சொல்லாமல் குறித்துக்கொண்டது சரியா என்பது தனிச் சண்டை.) தினம் நூறு பேர் கேட்கும் கேள்வி அது. சொந்த ஊர், குடும்பம், வந்த வழி என்று எதையும் அவர் துருவவில்லை.

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்தில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதே ஒரு தொழில். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். இணையத்திலும் அப்படிக் கற்றுத்தர ஆள் உண்டு. அங்கே எத்தனை தப்பாகப் பேசினாலும் திருத்துவார்கள், அது அவர்கள் வேலை. கடையில்தான் பேசுவேன் என்றால், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, 'ஊஸ்தெத்' போட்டு, ஸ்பானிஷில் பேசலாமா என்று முதலில் கேளுங்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், பில்லுக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.