முற்றத்துச் சருகும் உண்ணியும்



1957-ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்து மடிந்தன. அயலிலிருந்த சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். அந்நோயைப் பரப்பியது கடுகளவேயான காட்டு உண்ணி. 2012-இல் நீலகிரியை ஒட்டிய பந்திப்பூர்க் காட்டிலும் அந்நோய் தலைகாட்டியது.

மழை ஓய்ந்தபின் இளம் உண்ணிகள் பெருகுவதால், டிசம்பர் முதல் மே வரை நோய் மிகுதி. உண்ணி பறப்பதுமில்லை, தாவுவதுமில்லை. புல்நுனியிலும் சருகிலும் காத்திருந்து, உரசிச் செல்லும் உடலைப் பற்றிக்கொள்கிறது. தொழுவத்தில் பரப்புவதற்கெனக் காட்டுச் சருகை வாரிவந்து முற்றத்தில் குவிப்பது, பகையை நாமே சுமந்துவந்து வாசலில் இறக்குவதன்றோ?

ஆதலின், காடு சார்ந்து வாழ்வோர் சருகுக் குவியலை வீட்டருகே வைத்தலாகாது. முற்றத்துப் புல்லைக் குறுக வெட்டுக. மாடு, நாய் ஆகியவற்றின் காதுமடலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பாருங்கள். காடு சென்று திரும்பினால் குளித்து, குழந்தைகளின் உடலையும் சோதியுங்கள். கடித்திருக்கும் உண்ணியை நசுக்காமலும் சுடாமலும், சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். இறந்த குரங்கைத் தொடாது, சுகாதார நிலையத்துக்கு உடனே அறிவியுங்கள்.

துடைப்பம் எடுக்கும் கைக்குச் சோம்பல் வந்தால், காய்ச்சல் வாசற்படி ஏறிவிடும்.