வாயைத் திறந்தா வேலை போயிரும்னு புத்தி சொல்றவங்களுக்கு

ஒரு நீண்ட இழை. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

1/ ஒரு நர்ஸோ, லேப் டெக்னீஷியனோ, பயிற்சி டாக்டரோ தான் வேலை பார்க்கிற இடத்தைப் பத்தி நாலு வரி எழுதினா போதும். கீழ முதல் கமெண்ட் தயாரா நிக்கும்: "இதெல்லாம் பொதுவெளியில எழுதலாமா? நாளைக்கு வேற எவன் வேலை குடுப்பான்?" அக்கறையில சொல்றவங்களும் இருக்காங்க, மிரட்டலா சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த இழை.

2/ ஆபத்து நிஜம். அதுல எனக்கு மறுப்பே இல்லை. வேலை போகும், இடமாற்றம் வரும், அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. நான் கேக்குறது ஒரே கேள்வி. அந்த ஆள் எழுதினது உண்மையா பொய்யான்னு யாராவது போய்ப் பார்த்தாங்களா? பார்த்துட்டு தண்டிச்சாங்களா, பார்க்காமலே தண்டிச்சாங்களா?

3/ ஆந்திராவில் நர்சிபட்டினம் அரசு மருத்துவமனை. மயக்கவியல் மருத்துவர் சுதாகர். 2020 ஏப்ரல், கொரோனா முதல் அலை. என்-95 மாஸ்க் இல்லை, ஒரே மாஸ்க்கை 15 நாள் போடச் சொல்றாங்கன்னு பேசினார். வீடியோ பரவியது. சில நாள்லயே சஸ்பெண்ட். மே மாதம் விசாகப்பட்டினத்தில் நடுரோட்டில் போலீஸ் அவர் கையைப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போன காட்சியை நாடே பார்த்தது. அடுத்து மனநல மருத்துவமனை.

4/ உயர்நீதிமன்றம் தலையிட்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் சுதாகர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் கேட்டது ஒரு மாஸ்க். அது ஸ்டோர்ல இருந்துச்சா இல்லையான்னு ஸ்டாக் ரெஜிஸ்டரைப் புரட்டினா அரைமணி நேரத்தில் தெரிஞ்சிருக்கும்.

5/ மேற்கு வங்கம், பாராசத் மாவட்ட மருத்துவமனை, 2017. டெங்கு நோயாளிகள் படுக்க இடமில்லாம குவியறதைப் பத்தி டாக்டர் அருணாசல் தத்தா சௌத்ரி ஃபேஸ்புக்ல எழுதினார். நவம்பர்ல சஸ்பெண்ட். அதனால கட்டில் கூடுச்சா? கொசு குறைஞ்சுச்சா?

6/ டாக்டருங்க மட்டும்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ், கருகின ரொட்டியையும் தண்ணியா இருந்த பருப்பையும் வீடியோ எடுத்துப் போட்டார். ஏப்ரல்ல வேலையே போச்சு. சீனாவில் ஊஹான் மருத்துவர் லி வென்லியாங், 2019 டிசம்பர் 30 அன்னைக்குக் கூடப் படிச்ச டாக்டர்கள் குரூப்ல புது நோய் ஒண்ணு வந்திருக்கு, ஜாக்கிரதைன்னு செய்தி போட்டார். போலீஸ் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்குச்சு. 2020 பிப்ரவரி 7 அன்னைக்கு அதே நோயில் இறந்தார். மார்ச்சில் அந்தக் கடிதத்தை ரத்து பண்ணி, குடும்பத்துகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க.

7/ ஐசியூல மானிட்டர் அலறினா நாம நோயாளிகிட்ட ஓடுவோம். "இந்த மிஷின் எப்பப் பார்த்தாலும் ஆஸ்பத்திரி பேரைக் கெடுக்குது"ன்னு வயரைப் பிடுங்க மாட்டோம். அப்படிப் பிடுங்கினவனை டாக்டர்னு சொல்ல மாட்டோம். நிர்வாகம் அதையே செஞ்சா மட்டும் ஏன் "ஒழுங்கு நடவடிக்கை"ன்னு மரியாதையா பேர் வைக்கிறோம்?

8/ உடனே ஒரு பதில் வரும்: "முறைப்படி மேலதிகாரிக்கு எழுதியிருக்கலாமே?" சரி, எழுதினவர் கதையைச் சொல்றேன். பொறியாளர் சத்யேந்திர துபே. தங்க நாற்கர சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடு பத்தி நேரா பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார். பெயரை ரகசியமா வைங்கன்னு கேட்டுக்கிட்டார். அந்தக் கடிதம் அவர் பெயரோடயே அலுவலகம் அலுவலகமா சுத்துச்சு. 2003 நவம்பர் 27, கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

9/ கொலைக்குக் காரணம் வழிப்பறின்னுதான் சிபிஐ சொன்னது, தண்டனையும் அப்படித்தான் ஆச்சு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெயரைக் காப்பாத்துங்கன்னு கேட்ட ஒருத்தரோட பெயரை, நாட்டின் மிக உயர்ந்த அலுவலகத்துக்குப் போன கடிதத்திலேயே காப்பாத்த முடியல. நம்ம ஊர் ஆஸ்பத்திரி புகார்ப் பெட்டிக்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு நினைக்கிறீங்க?

10/ துபே கொலைக்குப் பிறகு எழுந்த குரல்ல இருந்து வந்ததுதான் ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம். 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிருச்சு. பத்து வருஷம் தாண்டியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. கொண்டுவந்தாலும் அது அரசுத்துறை முறைகேடுக்குத்தான். தனியார்ல இருக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது.

11/ நீதிமன்றம் கை கொடுத்த சம்பவமும் உண்டு. கொல்கத்தா புற்றுநோய் மருத்துவர் இந்திரநீல் கான், பாதுகாப்பு உடைக்குப் பதிலா ரெயின்கோட் குடுத்ததைச் சமூக ஊடகத்தில் போட்டார். போலீஸ் விசாரிச்சது, போனைப் பறிச்சது. 2020 ஏப்ரல் 1 அன்னைக்கு உயர்நீதிமன்றம் போனைத் திருப்பிக் குடுக்கச் சொன்னது. அரசுக்குச் சங்கடமா இருக்குங்கிறதுக்காக ஒருத்தரை மிரட்டிப் பேச்சை அடக்க முடியாதுன்னு சொன்னது.

12/ நம்ம தேனி மாவட்டத்துக்கும் சேர்த்து இருக்கிற மதுரைக் கிளையிலேயே ஒரு நல்ல தீர்ப்பு வந்திருக்கு. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருத்தர், வாட்ஸ்அப் குரூப்ல நிர்வாகத்தை விமர்சிச்சுப் போட்டார். குற்றச்சாட்டு மெமோ வந்தது. 2023-இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து பண்ணினார். மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்கிற உரிமை ஊழியருக்கு உண்டு, அது நிர்வாகத்துக்கும் நல்லதுதான், நிறுவனத்தின் பேரு பாதிக்கப்பட்டா மட்டும் தலையிடலாம், அதுவரைக்கும் கூடாதுங்கிறது அந்தத் தீர்ப்பின் சாரம்.

13/ இதைப் படிச்சுட்டு "அப்ப எழுதலாம் சார், கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னு கிளம்பிறாதீங்க. அங்கதான் சிக்கல். அது அரசு சார்ந்த வங்கி, அதனால ரிட் மனு நின்னுச்சு. அவருக்குத் தொழிற்சங்கமும் இருந்துச்சு. 20 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ரிட்டும் பொதுவா நிக்காது, சங்கமும் கிடையாது. லேபர் கோர்ட் போனா வருஷக்கணக்கு. அதுவரைக்கும் வீட்டு வாடகையை யார் குடுக்கிறது?

14/ எனக்குத் தெரிஞ்ச ஒரு சிஸ்டர். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் வேண்டாம். ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி. "பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி, கையில பஸ்ஸுக்குக் காசில்ல"ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சாங்க. திட்டல, யார் பேரும் போடல. மறுநாள் டியூட்டி சார்ட்ல அவங்க பேர் இல்லை. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் நிர்வாகத்து பீரோவுக்குள்ள. அதைக் கேட்டுப் போனா, "மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்க"ன்னு பதில்.

15/ பெரிய நகரம்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். சின்ன ஊர்ல அது நடக்காது. முதலாளி டாக்டர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். ஒரு ஸ்க்ரீன்ஷாட், கூடவே "இந்தப் பொண்ணு கொஞ்சம் பிரச்சினை, பார்த்துக்கோங்க"ன்னு ஒரு வரி. முடிஞ்சது. அப்படி ஒரு மெசேஜ் வந்தா நம்மில் எத்தனை பேர் திருப்பிக் கேட்டிருக்கோம், "சம்பளம் குடுத்தீங்களா சார்?"னு?

16/ 2016-இல் உச்சநீதிமன்ற உத்தரவுப்படி அமைச்ச குழு, 50 படுக்கைக்குக் கீழ உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. உங்க ஆஸ்பத்திரியில இன்னைக்கு எவ்வளவு குடுக்கிறீங்கன்னு நீங்களே உங்க மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. அப்புறம் "ஸ்டேட்டஸ் வச்சது தப்பு"ன்னு பேசலாம்.

17/ இன்னும் கொஞ்சம் மேல ஏறுவோம். விடியக்காலம் போடியில இருந்து முந்தல் தாண்டி, போடிமெட்டு வழியா பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஜீப் ஜீப்பா ஆளுங்க ஏலக்காட்டுக்குப் போறாங்க. காய் எடுக்க, களை எடுக்க, மருந்தடிக்க. அவங்களுக்கு வேலை உத்தரவுன்னு ஒரு காகிதமே கிடையாது. அதனால வேலை நீக்க உத்தரவும் கிடையாது. "நாளையில இருந்து ஜீப்புக்கு வர வேண்டாம்க்கா." அவ்வளவுதான்.

18/ இப்ப அவங்க கையிலயும் போன் இருக்கு, ஜீப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கு. கையுறை இல்லாம மருந்து கலக்கச் சொல்றாங்கன்னு குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்ட ஒரு அக்காவுக்கு இந்த வார்த்தைதான் கிடைச்சது. என் ஓபிக்கு வந்தப்ப சொன்னாங்க. அவங்க குறை சொன்னது நோய் வர்றதுக்கு முன்னாடி. எங்களுக்கு அது தெரியவந்தது நோய் வந்த பின்னாடி.

19/ அந்த நோய் எப்படி இருக்கும்னு டாக்டராச் சொல்றேன். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து தோல் வழியாவும் மூச்சு வழியாவும் உடம்புக்குள்ள போகும். எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், வாந்தி, வயித்தாலே போகும், கண்மணி சுருங்கிக் கடுகு மாதிரி ஆயிரும், சதை துடிக்கும். முத்தினா மூச்சு நின்னுரும். அட்ரோபின் ஊசி போட்டு, தேவைப்பட்டா வென்டிலேட்டர்ல வச்சுக் காப்பாத்தணும். ஒரு ஜோடி கையுறையும் முகக்கவசமும் சோப்புத் தண்ணியும் எவ்வளவு ஆகும்? அதைக் கேட்ட வாயை அடைச்சா மிச்சம் இருக்கிறது இந்த ஊசிதான்.

20/ அப்ப என்னதான் வழி? இதே மலையில ஒரு பதில் இருக்கு. 2015 செப்டம்பர், மூணாறு. கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்தில் போனஸை 20 சதவீதத்தில் இருந்து 10 ஆகக் குறைச்சாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் நம்ம தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் தள்ளி வச்சுட்டு ரோட்டில் உக்காந்தாங்க. பெம்பிளை ஒருமைன்னு பேர். ஒன்பது நாள்ல போனஸும் கருணைத்தொகையுமா சேர்த்து 20 சதவீதம் கிடைச்சது.

21/ அவங்கள்ல ஒருத்தி மட்டும் ஃபேஸ்புக்ல எழுதியிருந்தா மறுநாள் அவ வீட்டு லயத்துக்கு ஆள் வந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து நின்னதால யாரைத் தனியாப் பிரிச்சுத் தூக்குறதுன்னு நிர்வாகத்துக்குத் தெரியல. தனியா எழுதுறவன் பலி. சேர்ந்து எழுதுறவங்க தரப்பு.

22/ எதிர்க்கேள்வி வரும், வரணும். "பொய் எழுதி ஒரு ஆஸ்பத்திரியையே கெடுத்துட்டா?" உண்மைதான், நடக்குது. பொய்யுன்னு நிரூபிங்க, வழக்கு போடுங்க, சட்டம் உங்க பக்கம். நோயாளி பேரு, முகம், ஸ்கேன், ரிப்போர்ட் எதையும் பொதுவெளியில போடக்கூடாது. அதுல சமரசமே கிடையாது. போட்டவங்களுக்காக நான் பேச மாட்டேன். ஆனா "எனக்குச் சம்பளம் வரல", "கையுறை இல்ல", "36 மணி நேரமா தூங்கல" இதுல எந்த நோயாளியோட ரகசியம் இருக்கு?

23/ வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு: கோபத்தில ராத்திரி பதினொரு மணிக்கு எழுதாதீங்க. தேதி, நேரம், நடந்தது, இதை மட்டும் எழுதுங்க. முதல்ல எழுத்து மூலமா நிர்வாகத்துக்குக் குடுத்து, வாங்கினதுக்கு அத்தாட்சி வச்சுக்கோங்க. பத்துப் பேர் கையெழுத்து இருந்தா நல்லது, அம்பது இருந்தா ரொம்ப நல்லது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார்கிட்டயும் விடாதீங்க, காட்டிட்டு நகல் மட்டும் குடுங்க. குரூப்ல போடுறது குரூப்போட நிக்கும்னு நம்பாதீங்க.

24/ ஆஸ்பத்திரி நடத்துற சக மருத்துவர்களுக்கு: உங்களைப் பத்தி ஊழியர் எழுதின பதிவு கண்ணுல பட்டா, "யார் இதை எழுதினது?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "இது உண்மையா?"ன்னு ஒரு தடவை கேளுங்க. உண்மைன்னா சரி பண்ணுங்க. பொய்யின்னா விசாரிச்சு, அவங்க பதிலையும் கேட்டு முடிவு எடுங்க. பீரோவில் இருக்கிற சர்டிஃபிகேட்டை எல்லாம் இன்னைக்கே திருப்பிக் குடுங்க. அது உங்க சொத்து இல்லை.

25/ புத்தி சொல்றவங்களுக்கு: "கரியர் போயிரும், பார்த்து"ன்னு எழுதினவங்ககிட்ட இத்தனை அக்கறையாச் சொல்றீங்களே. அதுல பாதி அக்கறையோட, வேலையை விட்டுத் தூக்கினவங்ககிட்ட ஒரு தடவை "ஏன்?"னு கேட்டுப் பாருங்க. நீங்க கேக்காத வரைக்கும் உங்க புத்திமதியும் அவங்க மெமோவும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

முடிஞ்சது. உங்க வேலையிடத்தில் நடந்ததை எழுதுறவங்க ஊர், பேர், நிறுவனம் இல்லாம எழுதுங்க. யாருக்காவது பயன்படும்னு தோணினா பகிருங்க.