மழலையும் இலக்கணமும்

மழலை கேட்டு மகிழ்ந்தோர் பலர். அதனை எழுதிவைத்து எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலர். திருவள்ளுவர் குழலையும் யாழையும் மழலைக்குப் பின்னே நிறுத்தினார். அவ்வினிய ஓசையினுள்ளே ஓர் இலக்கணமும் உண்டு என்பதனை நாம் உணர்ந்துகொண்டது, பிழையொன்று செய்த பின்னரேயாம்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அயல் வளவில் வாழும் எம் தங்கையின் மகள் எமது முற்றத்தில் நின்றாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. "மாமா, மரமிலை அணில்!" என்று கூவினாள். இலக்கணம் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எமது செவி அதனைப் பொறுக்கவில்லை. "மரமிலை இல்லைப் பிள்ளை, மரத்திலை. எங்கை, சொல்லு பாப்பம்" என்றோம். அவள் எம்மை நோக்கினாள், மரத்தை நோக்கினாள். மீண்டும் திருத்தினோம். மூன்றாம் முறை திருத்தியபோது, "அணில் போட்டுது" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் சில நாட்கள் அவள் எதனையும் பார்க்க எம்மை அழைக்கவில்லை.

அம்மௌனம் எம்மை உறுத்தியது. குழந்தைகளின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தோர் யாது கண்டனர் எனத் தேடிப் படிக்கலானோம்.

இத்துறையிலே பெயர்பெற்ற ஆய்வு 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது. ஹாவாட் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் றோஜர் பிறவுண் என்பார், மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, மூன்று குழந்தைகளின் வீடுகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் முறையாகச் சென்றுவந்தார். குழந்தைகளுக்கு ஆதாம், ஏவாள், சாரா எனப் புனைபெயர் இட்டார். ஏவாளின் குடும்பம் வேறிடம் சென்றமையால் அவளது பதிவு ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் நின்றது. ஏனைய இருவரின் பதிவுகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. தாயும் சேயும் பேசியன யாவும் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதப்பட்டன. இவற்றின் பயனாக எழுந்த நூல் 1973இல் வெளிவந்தது.

வயதை மட்டும் கொண்டு பேச்சின் வளர்ச்சியை அளக்க இயலாது என்பது பிறவுணின் துணிபு. எனவே, குழந்தை ஒருமுறை கூறுவதிலே பொருள் தரும் உறுப்புக்கள் எத்தனை என எண்ணினார். நூறு கூற்றுக்களை எடுத்து, உறுப்புக்களின் தொகையை நூறால் வகுத்துச் சராசரி கண்டார். நம் மாணவர் பகுபத உறுப்பிலக்கணம் படிக்கையில், 'வந்தாள்' என்பதனைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிக்கின்றனர் அல்லரோ? ஏறத்தாழ அதனையொத்த வேலையே இது.

இவ்வளவுகோலின்படி சராசரி நான்கு உறுப்பு என்னும் நிலையை ஏவாள் இரண்டேகால் வயதளவில் எய்தினாள். ஆதாமுக்கு ஏறத்தாழ மூன்றரை வயதும் சாராவுக்கு ஏறத்தாழ நான்கு வயதும் ஆயின. எனினும், ஆங்கில இலக்கண உறுப்புக்கள் பதினான்கினை மூவரும் கற்றுக்கொண்ட வரிசையோ பெரிதும் ஒத்திருந்தது. விரைவு வேறு, வழி ஒன்று. "அடுத்த வீட்டுப் பிள்ளை இந்த வயதிலே எப்படிப் பேசுது!" என்று ஏங்கும் தாய்மார் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

இன்னுமொன்று. மிகுதியாகக் கேட்பதனையே குழந்தை முதலிற் பேசும் என்று நாம் எண்ணுகின்றோம். ஆங்கிலத்திற் பெயருக்கு முன்னே வரும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களே, அப்பதினான்கினுள் பெற்றோர் பேச்சில் மிகுதியாய் வந்தவை. ஆயினும் குழந்தைகளிடம் அவை வரிசையின் நடுவிலேதான் தோன்றின. ஆகவே, குழந்தை கேட்டதைக் கிளிபோல் ஒப்புவிப்பதன்று. தான் கேட்டவற்றிலிருந்து விதி வகுக்கின்றது. 'வந்தான்' என்னும் பொருளுடைய 'கேம்' என்ற சொல்லை முன்னர்ச் சரியாகக் கூறிய ஆங்கிலக் குழந்தையே, பின்னர் 'கம்' என்பதனோடு இறந்தகால விகுதியை ஒட்டிப் புதுச்சொல் படைக்கும். பின்னடைவு போலத் தோன்றும் அது உண்மையில் முன்னேற்றமேயாம். விதி கைவந்துவிட்டது, விதிவிலக்கு மட்டும் இன்னும் கைவரவில்லை.

இதனைப் படித்தபோதே எமக்கு 'மரமிலை' விளங்கியது. அச்சொல்லை அவள் யாரிடம் கேட்டிருப்பாள்? அவள் வீட்டில் எவரும் அவ்வாறு பேசார். 'கதிரையிலை', 'பாயிலை' என்பவற்றைக் கேட்டு, இடத்தைச் சொல்வதற்கு 'இலை' சேர்க்கவேண்டும் எனத் தானே கண்டுகொண்டாள். மகரவீற்றுப் பெயர் உருபேற்கையில் அத்துச் சாரியை பெறும் என்பதனை மட்டும் அவள் இன்னும் அறியவில்லை. நாம் பிழை எனக் கண்டது, ஆசிரியர் எவருமின்றி அவள் இயற்றிய சூத்திரமாகும்.

அவ்வாறாயின் பெற்றோர் திருத்தவேண்டாமோ? இதனையும் அவ்வொலிப்பதிவுகளைக் கொண்டே பிறவுணும் கமில் ஹன்லன் என்னும் அம்மையாரும் ஆராய்ந்து 1970இல் வெளியிட்டனர். ஏவாள் தன் தாயைப் பெண் எனக் கூற வந்தவள், ஆண்பாற் பெயரைக் கொண்டு, வினைச்சொல்லும் இன்றிக் கூறினாள். தாயோ 'அது சரி' என்றாள். பிறிதொரு வேளை, குறித்த தொலைக்காட்சி நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமையில் வரும் எனப் பிழையற்ற வாக்கியத்தில் ஒரு குழந்தை கூறிற்று. கிழமை தவறாதலின் தாய் மறுத்தாள். பெற்றோர் மெய்ம்மையைத் திருத்தினரேயன்றி இலக்கணத்தைப் பெரும்பாலும் திருத்தவில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் வளர்ந்தபின் இலக்கணம் வழுவாமற் பேசுகின்றனர். பொய்தான் சொல்லுகின்றனர் என அவ்வாய்வாளர் நகைச்சுவைபடக் குறித்தமையும் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் தாய்மார் வாளா இருந்தாரல்லர். ஆதாமும் ஏவாளும் பேசியவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதினை, அவர்தம் தாய்மார் அதே கருத்து மாறாமல் முழு வாக்கியமாக்கித் திருப்பிச் சொன்னமை பதிவுகளிற் காணப்பட்டது. 'பிழை' என்ற சொல் அங்கே இல்லை. உரையாடல் மட்டுமே உண்டு.

அக்குழந்தைகளின் பேச்சு, 1984இல் பிறையன் மக்வின்னி, கதறீன் சினோ என்போர் நிறுவிய குழந்தைமொழிக் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றது. தமிழ்க் குழந்தை ஒன்றின் பேச்சும் அதிலுண்டு. அன்று பெரிய கருவியைச் சுமந்துசென்று செய்ததனை இன்று கைத்தொலைபேசி செய்கின்றது. வாரம் ஒருமுறை கால்மணி நேரம் பதிவுசெய்து, திகதியையும் குழந்தையின் வயதையும் குறித்து, அது சொன்னதைச் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் எவர்க்கும் இயலும். எழுதும்போது திருத்தல் ஆகாது. திருத்தினால் வளர்ச்சியின் தடம் அழிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். விரைவு வேறுபடும் என்பதனைச் சாட்டாகக் கொண்டு அசட்டையாய் இருத்தலும் தவறாகும். இரண்டு வயது நிரம்பியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத குழந்தையையும், அழைத்தால் திரும்பாத குழந்தையையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பித்தல் வேண்டும்.

எம் மருமகள் மறுபடியும் எம்மை அழைத்த நாள் நன்கு நினைவிருக்கின்றது. அன்றும் 'மரமிலை' என்றே கூறினாள். "ஓம் பிள்ளை, மரத்திலை அணில் இருக்கு. வாலைப் பாத்தியே?" என்றோம். அவள் வாலையும் பார்த்தாள். அணில் ஓடும்வரை எம்முடன் கதைத்துக்கொண்டும் நின்றாள். சில மாதங்களின் பின், ஒருவரும் சொல்லிக்கொடாமலே, 'மரத்திலை' என்பது அவள் வாயில் வந்து அமர்ந்தது.

'மரமிலை' என்ற சொல் இப்பொழுது எங்கள் வளவுகள் இரண்டிலும் இல்லை. அதனை ஒருமுறையேனும் பதிவுசெய்து வையாது விட்டோமே என்பதே எமக்குள்ள குறை.