மோட்டார்ப் பந்தயம் யாருக்கு?

மோட்டார்ப் பந்தயம் என்றாலே அது கோடீஸ்வரர்கள் விளையாட்டு என்று நம் மக்களில் பெரும்பாலோர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். அப்படி நினைப்பதில் அவர்கள் மீது குற்றம் சொல்லுவதற்கில்லை. அவர்கள் கண்ணுக்குக் காட்டப்படுவதெல்லாம் ஃபார்முலா ஒன் பந்தயமும், அதில் ஓடும் வண்டிகளின் விலையுந்தான். ஆனால் கூலி வாங்காமல், பரிசுப் பணத்தை எதிர்பாராமல், வாரமெல்லாம் பட்டறையிலோ ஆபீசிலோ பாடுபட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரம் ஆசைக்காக வண்டி ஓட்டுகிற சாதாரண மக்களின் பந்தயங்களும் உலகத்தில் எத்தனையோ விதமாக நடக்கின்றன. அவற்றில் சில ஊருக்கு ஊர் பரவுகின்றன. சிலவோ பத்துப் பேர் சேர்ந்த சங்கமாகத் தோன்றி அந்தப் பத்துப் பேரோடேயே முடிந்து போகின்றன. இதற்குக் காரணம் என்ன?

அந்தந்த ஆட்டத்திற்கு ஒரு யோகம் வேண்டும் என்பதாகச் சிலர் சொல்லுவார்கள். யோகக்காரர்களுக்குப் பதில் சொல்ல நமக்கு நேரமில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுகின்றவர்களுடைய வண்டியும் பெட்ரோல் தீர்ந்தால் நிற்கத்தான் செய்கின்றது. வேறு சிலர், ஜனங்களுக்கு வேகத்தின் மீது மோகம், ஆதலால் எதில் வேகம் அதிகமோ அது பிரபலமாகின்றது என்கின்றார்கள். இது கேட்பதற்கு நியாயம் போல் இருக்கின்றது. ஆனால் நடந்த காரியங்களைப் பார்த்தால் நிற்கவில்லை.

1973ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் விஸ்பரோ கிரீன் என்ற கிராமத்து மதுக்கடையில் உட்கார்ந்திருந்த சில பேர், மோட்டார்ப் பந்தயத்தின் செலவு தாங்க முடியவில்லையே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிராமத்தில் எல்லோர் வீட்டுக் கொட்டகையிலும் இருக்கிற எஞ்சின் எது என்று யோசித்தார்கள். தோட்டத்தில் புல் வெட்டுகிற இயந்திரம்! அதன் கத்தியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் மேலேறிப் பந்தயம் விட்டார்கள். பரிசுப் பணம் கிடையாது, கம்பெனிகளின் விளம்பரம் கிடையாது என்று விதி செய்தார்கள். அது இன்னும் நடந்து வருகின்றது. ஸ்டர்லிங் மாஸ் என்ற பேர்பெற்ற பந்தய வீரரே அங்கு வந்து 12 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்துவிட்டு, ஒரு காசும் வாங்காமல் போனார். புல் வெட்டும் இயந்திரத்தில் என்ன வேகத்தைக் கண்டார்கள்?

அதே இங்கிலாந்தில் அதற்கு வெகு காலத்திற்கு முன் 1907ல் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில், மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே ஓர் ஓடுதளம் போட்டார்கள். ஒரு பிரபு தன் சொந்த எஸ்டேட்டில் சிமென்ட் கலவையால் போட்ட பாதை. வேகத்திற்கு அங்கே குறைவே இல்லை. ஆனால் அங்கே குதிரைப் பந்தயக்காரர்களின் பழக்க வழக்கங்களையே கொண்டுவந்து வைத்தார்கள். ஓட்டுகின்றவர்கள் ஆரம்பத்தில் ஜாக்கிகளைப்போல் நிற நிறமான சட்டை போட்டுக் கொண்டார்கள். அந்த இடத்திற்கு அவர்கள் செய்துகொண்ட விளம்பர வாசகமே, வரவேண்டியவர்கள் மாத்திரம் வருவார்கள், கூட்ட நெரிசல் இராது என்ற அர்த்தமுடையது. வரக்கூடாதவர்கள் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக்காரர்களுக்கு அந்த வாசகத்தின் உள்ளர்த்தம் உடனே விளங்கும். கூட்டம் வேண்டாம் என்று எழுதி வைத்துக்கொண்ட ஆட்டம் கூட்டத்தின் ஆட்டமாக எப்படி ஆகும்? 1939ல் யுத்தம் வந்ததோடு அங்கே பந்தயம் நின்றது. நின்றது நின்றதுதான்.

நிற்க, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பின்லாந்து, சுவீடன் முதலிய வடதேசத்துப் பந்தயம் ஒன்றைப் பற்றி. பின்லாந்தில் அதற்கு இட்ட பெயருக்கு "எல்லா மனிதருக்குமான வகுப்பு" என்று அர்த்தம். சுவீடனில் ஜனங்களின் பந்தயம் என்கின்றார்கள். பழைய, அடிபட்ட, இனி ரோட்டிற்கு உதவாது என்று தள்ளப்பட்ட கார்களைக் கொண்டுவந்து, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டி, சரளை மண் போட்ட சிறிய வட்டப் பாதையில் சில சில வண்டிகளாகச் சேர்த்து ஓட்டுவார்கள். ரோட்டில் கார் ஓட்ட வயது வராத 15 வயதுப் பிள்ளைகளும் ஓட்டலாம். பெண்களும் ஓட்டுகின்றார்கள்.

இது மாத்திரமானால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்த ஆட்டத்தையும் மலிவாக ஆரம்பித்துவிடலாம். கொஞ்ச நாளில் பணக்காரன் ஒருவன் உள்ளே வருவான். பத்துப் பங்கு செலவு செய்து எஞ்சினை மாற்றுவான். எப்போதும் அவனே ஜெயிப்பான். மற்றவன் கடன் வாங்குவான், அல்லது வீட்டுக்குப் போவான். கடைசியில் நாலு பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓட்டிக் கொண்டிருப்பார்கள். பெரும்பாலான பந்தயங்கள் செத்தது இப்படித்தான். இதைத் தடுக்கப் பல தேசத்திலும் புத்தகம் புத்தகமாக விதி எழுதிப் பார்த்தார்கள். இந்த அளவு பிஸ்டன், அந்த அளவு சக்கரம் என்று எழுத எழுத, அதற்குள் சந்து கண்டுபிடிப்பதற்குப் பணம் உள்ளவனே இஞ்சினியரை வைத்துக் கொண்டான்.

பின்லாந்துக்காரரும் சுவீடன்காரரும் செய்தது வேறு. பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் ஒரே விலை, அதுவும் சொற்ப விலை என்று நிர்ணயித்தார்கள். பந்தயம் முடிந்ததும் ஓட்டுகின்ற உரிமை பெற்ற எவரும், அந்த விலையைக் கொடுத்து எந்தக் காரையும் கேட்கலாம். கேட்டால் சொந்தக்காரன் கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் அவனுடைய ஓட்டுகிற உரிமை போய்விடும். ஒரே காரைப் பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்.

வாசகர்கள் இந்த விதியைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். பணக்காரன் வரக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யட்டும். ஆனால் லட்சம் செலவு செய்த கார் சாயங்காலம் ஆயிரங்களில் அடுத்த வீட்டுக்காரனுக்குப் போய்விடும் என்றால் எந்த முட்டாள் செலவு செய்வான்? வேவு பார்க்க அதிகாரி வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே மாதிரியான பழைய காரில் வந்து நிற்பதால் ஓட்டத் தெரிந்தவன் ஜெயிக்கின்றான். பட்டறைக்காரன் பிள்ளைக்கும் பண்ணைக்காரன் பிள்ளைக்கும் அங்கே வித்தியாசம் கையிலும் காலிலுந்தான் இருக்கின்றது. இந்தப் பந்தயம் அந்நாடுகளில் கிராமம் கிராமமாகப் பரவியிருப்பதற்குக் காரணம் இந்த ஒரு விதியே என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு நேர் எதிரிடையான கதையும் உண்டு. 1956ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்கிற பந்தயக் கார்ப் பட்டறைத் தொழிலாளி, நாலு குழாய்களைப் பற்றவைத்து, புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினை மாட்டி, தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்டும் ஒரு சிறு வண்டி செய்தார். அதுதான் முதல் கார்ட். அதைக் கார் நிறுத்தும் மைதானத்தில் ஓட்டிக் காட்டினார். பார்த்தவனெல்லாம் எனக்கொன்று என்றான். அடுத்த வருஷமே அதற்கென்று கம்பெனி தோன்றிற்று. சில வருஷத்திற்குள் உலகமெங்கும் பரவிற்று. பின்லாந்தின் கிமி ரெய்க்கோனன், சாலை போடும் தொழிலாளியின் மகன், கார்ட்டில் ஆரம்பித்துத்தான் 2007ல் உலக சாம்பியன் ஆனார். ஆனால் கார்ட்டுக்கு அந்த விற்பனை விதி இல்லை. சிறு பிள்ளைகளின் பந்தயத்திற்கே லட்ச லட்சமாகக் கொட்ட வேண்டிய நிலைமை இன்று வந்துவிட்டது. இனி ஒரு கூலிக்காரன் மகன் அந்த வழியில் போவதானால், பின்னால் ஒரு கம்பெனி நின்றாலொழிய முடியாது.

சரி, பணம் ஒரு பக்கம். இடம்? அமெரிக்காவில் வாலிபர்கள் இரவில் தெருவில் காரை விட்டு ஒருவரையொருவர் முந்திச் செத்துக் கொண்டிருந்தார்கள். போலீசாரும் பத்திரிகைகளும் திட்டிக் கொண்டிருந்தார்கள். திட்டினதால் ஒருவனும் நிற்கவில்லை. 1950ல் சான்டா ஆனா விமான தளத்தின் ஓடுபாதை ஒன்றில், நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற பந்தயம் முறைப்படி தொடங்கிற்று. 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்காகவே தேசிய சங்கம் ஏற்படுத்தி, பிரேக், ஹெல்மெட், வண்டிப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்தார். தகப்பனாருடைய காரையே கொண்டுவந்து ஓட்டலாம். முழுப் பந்தயத்தையும் இருந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அது பரவாமல் என்ன செய்யும்?

நம் சென்னைக்கு அருகிலும் இதே காரியம் நடந்ததுண்டு. இரண்டாவது உலக யுத்தத்திற்காகச் சோழவரத்தில் போட்ட விமான ஓடுபாதையில், 1953ல் ஏற்பட்ட மோட்டார்ச் சங்கத்தார் பல வருஷ காலம் பந்தயம் நடத்தினார்கள். ராஜாக்களும் ஆலை முதலாளிகளின் பிள்ளைகளும் ஓட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பல்லாயிரக் கணக்கான ஜனங்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து மலிவான பந்தய வண்டி செய்து பலருக்கும் வழி திறந்துவிட்டார். அவர் 1995ல் விமான விபத்தில் இறந்து போனார். இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோயமுத்தூரிலும் நல்ல ஓடுதளங்கள் இருக்கின்றன. ஆனால் பழைய ஸ்பிளெண்டர் ஒன்று மாத்திரம் வைத்திருக்கிற வியாசர்பாடிப் பையன் அங்கே போய் எதை ஓட்டுவான்?

அவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரியில் ஓட்டுகின்றான். லாரியில் மோதிச் சாகின்றான், அல்லது ரோட்டைக் கடக்கிற கிழவியைச் சாகடிக்கின்றான். மறுநாள் பத்திரிகையில், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமில்லை என்று எழுதுகின்றோம்.

யுத்த காலத்து ஓடுபாதைகள் சோழவரத்தில் மாத்திரமல்ல, உளுந்தூர்ப்பேட்டையிலும், செட்டிநாட்டிலும், கயத்தாற்றிலும் போடப்பட்டவை. அவற்றில் உதவக்கூடிய ஒன்றை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டு, ஒரு ஆம்புலன்சும், வண்டியைச் சோதித்து விட இரண்டு மெக்கானிக்குகளும், இரவல் ஹெல்மெட்டுகளும் வைப்பதற்குச் சர்க்காருக்கு ஆகிற செலவு ஒரு மந்திரியின் வரவேற்பு வளைவுச் செலவைவிட அதிகமாகுமென்று நாம் நினைக்கவில்லை. சாயங்காலம் எந்த வண்டியையும் நிர்ணய விலைக்கு எவனும் கேட்கலாம் என்ற அந்த வடதேசத்து விதியை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். அதை எழுதாமல் ஆரம்பிப்பதானால், இன்னும் பத்து வருஷத்தில் அங்கேயும் ஆலை முதலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான் ஓட்டிக் கொண்டிருப்பார்கள்.