குவாய் நதிப் பாலத்தில் காணாமற்போனவர்கள்

2000ஆம் ஆண்டில் 'யு-571' என்ற ஹாலிவுட் திரைப்படம் வெளிவந்தபோது பிரிட்டனில் பெரும் கோபம் எழுந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 'எனிக்மா' என்னும் இரகசியக் குறியீட்டு இயந்திரத்தை அமெரிக்க மாலுமிகள் கைப்பற்றுவதாகக் காட்டியது அந்தப் படம். உண்மையில் 1941 மே மாதத்திலேயே 'புல்டாக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் யு-110 கப்பலில் ஏறி அதைக் கைப்பற்றிவிட்டார்கள். அப்போது அமெரிக்கா போரிலேயே இறங்கவில்லை. 1942 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 கப்பலிலிருந்து குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெளியே வர இயலாமல் இரண்டு பிரிட்டிஷ் கடற்படையினர் உயிரிழந்தார்கள். படம் குறித்த கண்டனம் பாராளுமன்றம் வரை சென்றது. பிரதமர் டோனி பிளேரும் அதை ஏற்றுக்கொண்டார். கதை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் ஏயர், அது வரலாற்றைத் திரித்தது என்று 2006இல் ஒப்புக்கொண்டார்.

பிரிட்டிஷ் மக்களின் கோபம் நியாயமானதே. ஆனால் மறு ஆண்டு, 2001இல், அவர்களே 'எனிக்மா' என்றொரு படம் எடுத்தார்கள். அதில் துரோகியாக வருபவர் ஒரு போலந்து நாட்டவர். 1932இலேயே எனிக்மாவின் இரகசியத்தை முதலில் உடைத்தவர்கள் போலந்துக் கணித அறிஞர்கள்தான். 1939 ஜூலையில், தங்கள் நாடு தாக்கப்படுவதற்குச் சில வாரங்களே இருக்கையில், தாங்கள் கண்டறிந்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கையளித்தவர்களும் அவர்களே. இப்போது கோபப்படும் முறை போலந்து மக்களுக்கு வந்தது.

நம் நாட்டுப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 1971இல் நடந்த லோங்கேவாலாச் சண்டையைச் சொன்ன 'பார்டர்' (1997) படத்தில் வீரர்கள் அடுத்தடுத்து மடிகிறார்கள். அந்த நிலையில் உயிரிழந்த இந்திய வீரர்கள் இருவரே. படத்தில் இறந்துவிடும் பைரோன் சிங் ரத்தோர் உண்மையில் உயிருடன் திரும்பி, 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார்! தாம் இறந்த காட்சியைத் தாமே பார்க்கும் நிலை அவருக்கு.

இவையெல்லாம் யாருக்குப் பெருமை என்ற சண்டைகள். இதைவிட நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43இல் அமைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதையின் பின்னணியில் அமைந்த கதை. பாலத்தைக் கட்டுவோர் அனைவரும் போர்க்கைதிகள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எதிரிக்காகவே பெருமையோடு பாலம் கட்டுகிறார். உண்மையான பாலத்தில் கைதிகளுக்குத் தலைமை வகித்த பிலிப் டூசி அப்படிப்பட்டவரல்ல. தம் வீரர்களின் உயிரைக் காக்கப் போராடியவர் என்றே அவருடன் இருந்தவர்கள் வாதாடினார்கள். அந்த ஆற்றுக்கும் குவாய் என்று பெயர் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் பயணிகள் தேடி வரவே, தாய்லாந்து அரசு ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே மாற்றிவிட்டது.

டூசிக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்காகப் பேச யார் இருந்தார்கள்? அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இறந்தவர்கள் 90,000 பேர் வரை. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன், மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதில் அடக்கம். நல்ல கூலி என்று ஆசைகாட்டி அழைத்தார்கள். பிறகு பிடித்தே ஏற்றினார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கைதிகளிடையே இராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள். தோட்டத்து மக்களிடையே 1943இல் காலரா பரவியபோது, முகாம் முகாமாக மடிந்தார்கள்.

படத்தில் இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் படம் எடுக்கப்பட்டது நமக்கு அருகிலேயே, இலங்கையின் கித்துல்கலவில். 2013இல் வந்த 'தி ரயில்வே மேன்' படமும் ஒரு பிரிட்டிஷ் கைதியின் கதையே. அவருடைய வேதனை உண்மையானது. அதைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பொய்ச்சான்று என்பது நடக்காததைச் சொல்வது மட்டும்தானா? பக்கத்தில் மடிந்துகொண்டிருந்தவனைக் காட்டாமல் விடுவதை என்னவென்று சொல்வது?

நம்மீதும் தவறு உண்டு. இந்த மரணப் பாதையை நினைவில் வைத்துக் கதையாகவும் ஆவணப்படமாகவும் பதிவுசெய்தவர்கள் சிலரே; அவர்களுள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் முக்கியமானவர்கள். தாய்த்தமிழகத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பாலம் வெடித்துச் சிதறும் காட்சி மட்டும் நமக்கு நினைவிருக்கிறது. அதுவும் படத்துக்காகக் கட்டிய மரப்பாலம். உண்மையான இரும்புப் பாலத்தில் இன்றும் இரயில் ஓடுகிறது.

அந்தப் பாலம் உள்ள காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, நன்கு பராமரிக்கப்பட்டு இருக்கின்றன. கல்லறைத் திருநாளில் நம் உறவினரின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுகிற நமக்கு, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். தோட்டங்களிலிருந்து போன நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை. காட்டில் இறந்த இடத்திலேயே, பலரையும் ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள்.