வீட்டு மிட்டாயும் நம் மூட்டையும்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பெரம்பலூர் நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டில் செய்த கடலைச் சாக்லேட் என்று ஓர் அம்மா இரண்டு நாளாகக் கடைக்கு வந்து கேட்கிறார்கள். வாங்கி வைக்கலாமா அண்ணே?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவர், "வேண்டாம் தம்பி. வீட்டுச் சரக்கு. நாளைக்கு ஒன்று ஆனால் நம் தலையில் விழும்" என்று முடித்துவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் அங்கே பேசவில்லை. பேசியிருந்தால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. நிலக்கடலைப் பருப்பை இளஞ்சூட்டில் வறுத்து, தொலி நீக்கி, எண்ணெய் கசியும்வரை மிக்ஸியில் அரைக்கிறார்கள். பொடித்த நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சிறு உருண்டையாகப் பிடிக்கிறார்கள். சாக்லேட் கட்டியை, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, உருண்டையை அதில் முக்கி எடுத்து ஆறவைக்கிறார்கள். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கெட்டியாகிவிடும். மிளகாய் அரைத்த ஜாரில் அரைத்தாலும் காரியம் கெட்டது. கைப்பக்குவம் உள்ளவர்கள் செய்தால் பெரிய கம்பெனி மிட்டாய்க்கு இது எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

இரண்டு வருடங்களுக்கு முன் அரியலூரில் ஒரு வீட்டம்மா இதைச் செய்து நான்கைந்து கடைகளுக்குப் போட்டு வந்தார். பருப்பு என்னிடம்தான் வாங்குவார். வாரம் பத்துக் கிலோ. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் வரத்து குறைந்துபோயிற்று. ஆடிப் பட்டத்து மணிலா காய்வதற்குள் நனைந்து வந்தது. என் கிடங்கில் ஒரு நனைந்த லாட் இருந்தது. அதைத் தனியே ஒதுக்காமல் நல்ல பருப்போடு கலந்து அனுப்பிவிட்டேன். பத்துக் கிலோவில் என்ன தெரியப்போகிறது என்ற எண்ணம்தான்.

ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மிட்டாய் கசக்கிறது என்று பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடைக்காரர்கள் நான்கு பேரும் அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சரக்கை எடுத்துப் போகச் சொன்னார்கள். நிலுவைப் பணத்தையும் கொடுக்கவில்லை. "வீட்டுச் சரக்கு என்றால் இப்படித்தான்" என்றார்கள். என் பெயரை யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கவில்லை. பிறகு நானே அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, பருப்புப் பணத்தையும் அவருக்குக் கடைகளில் நின்றுபோன தொகையையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "பரவாயில்லைங்க ஐயா, இனிமே செய்யறதா இல்லை" என்றார். இன்றுவரை செய்யவில்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். வீட்டு மிட்டாயை நம்பலாமா என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டார் நம்மை நம்பலாமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுச் சரக்கு கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். நம் மூட்டையில், நம் காகிதத்தில், நம் கல்லாப்பெட்டியில்.

மூட்டையைப் பற்றி மொத்த வியாபாரிகளான எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். பருப்பில் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணம் பிடிக்க இடமாகிறது. அந்தப் பூசணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் கோளாறு என்று தேடிப்போய் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரலைத் தாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கித் தள்ளுவதுதான் நம்மால் ஆகக்கூடிய முதல் காரியம். ஒரு கிலோ பருப்பில் தொலி, சொத்தை, ஈரம் எல்லாம் போக ஏறக்குறைய 900 கிராம்தான் தேறும். அந்த நூறு கிராம் நட்டத்துக்குப் பயந்து சொத்தையைக் கலந்தால் ஒரு குடும்பத்தின் தொழிலே போய்விடும். தின்பண்டத்துக்குப் போகும் பருப்பைத் தனியே தரம் பிரித்து, அதற்கு இரண்டு ரூபாய் கூடுதலாகவே வாங்குங்கள். அவர்கள் கொடுப்பார்கள்.

இரண்டாவது காகிதம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் 27-ஆம் பிரிவைப் பலர் படித்ததில்லை. காலாவதியான சரக்கை விற்றால் விற்றவர் பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் விற்றவர் பொறுப்பு. கூட்டத்தில் அந்த நண்பர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்தும் அதே சட்டத்தில் இருக்கிறது. 26-ஆம் பிரிவின்படி ஒருவர் கடைக்காரருக்குக் கொடுக்கும் பட்டியலே அவர் எழுதிக்கொடுத்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும். ஆகவே பட்டியல் இல்லாமல் வாங்காதீர்கள். அவருக்குப் பட்டியல் எழுதத் தெரியாவிட்டால் உங்கள் கடைப் பையனை விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நாங்களும் பத்துக் கிலோவுக்குக்கூடப் பட்டியல் போட வேண்டும். இப்போது நான் போடுகிறேன்.

வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-இல் விதிகள் வந்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தொழிலுக்கு வெறும் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இன்றைய வரம்பையும் கட்டணத்தையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். பெயர், விலாசம், சேர்மானம், எடை, விலை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது, சைவப் பச்சைக் குறி ஆகியவையும் வேண்டும். நிலக்கடலை சேர்ந்திருக்கிறது என்பதைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். வெளியே சாக்லேட் மூடியிருப்பதால் உள்ளே கடலை இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது கல்லாப்பெட்டி. இதைச் சொன்னால் சில்லறை நண்பர்கள் கோபிக்கக் கூடாது. கம்பெனி ஏஜெண்டுக்கு வந்த அன்றே பணம் கொடுக்கிறோம். ஐநூறு ரூபாய்ச் சரக்குப் போட்ட அம்மாவை மட்டும் நான்கு நடை நடக்க வைக்கிறோம். அந்த ஐநூறுதான் அவருக்கு அடுத்த வாரத்துப் பருப்பு. அது முடங்கினால் அவர் மலிவான பருப்பைத் தேடிப் போவார், தரம் குறையும். பிறகு தரம் சரியில்லை என்று நாமே சொல்வோம். கொஞ்சமாக வாங்குங்கள், ஆனால் கைமேல் பணம் கொடுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? கம்பெனி சாக்லேட் விற்றால் போதாதா?" என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் அது நமக்கு மட்டும் குறையவில்லை, பெரிய அங்காடிக்கும் செல்போனில் விற்பவனுக்கும் சேர்த்தே குறைந்தது. அதே சாக்லேட்டை நம்மைவிட மலிவாக அவர்களால் கொடுக்க முடியும். நம் ஊர்ப் பருப்பில் நேற்றுச் செய்து இன்று கடைக்கு வந்த மிட்டாயை அவர்களால் கொடுக்க முடியாது. அதைத் தேடி வருகிற பிள்ளையோடு அதன் தாயும் வருவாள். அவள் வரும்போது துவரம்பருப்பும் வாங்குவாள்.

இப்படி வளர்ந்ததற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய் 1940-களில் பொன்னம்பல நாடார் என்ற மளிகைக் கடைக்காரரிடம் தொடங்கியது என்று சொல்வார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாக்லேட்டும் கடலையும் சேர்ந்த மிட்டாய்க்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி என்ற ஊரில் ரீஸ் என்பவர், பெரிய குடும்பத்தைக் காப்பாற்ற வீட்டு நிலவறையில் மிட்டாய் செய்து விற்றார். 1928-இல் அவர் கொண்டுவந்த கடலை விழுதுச் சாக்லேட் இன்று உலகமெங்கும் போகிறது. அவர் காலத்திலும் அதை முதலில் வாங்கி வைத்த கடைக்காரர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா?

ஒன்றை மறைக்கக் கூடாது. கோகோக் கொழுப்பு சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். வனஸ்பதி போன்ற தாவரக் கொழுப்பில் செய்த மலிவுச் சாக்லேட் கட்டி சற்றுத் தாங்கும், அவ்வளவுதான். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் இரண்டும் நிற்காது. சித்திரை வைகாசியில் அவர்களிடம் கடலை உருண்டை வாங்குங்கள், சாக்லேட்டை ஆடிக்குப் பிறகு வாங்கலாம். எந்தக் காலத்திலும் ஒரு வாரத்தில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். சிக்கு வாடை வந்த சரக்கைத் தள்ளுபடியில்கூட விற்க வேண்டாம்.

பெரம்பலூர் நண்பருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். அந்த அம்மா மறுபடி வந்தால் உட்காரச் சொல்லுங்கள். பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய பிறகு வரச் சொல்லுங்கள், வழியும் சொல்லி அனுப்புங்கள். எண்ணோடு வந்தால் இருபது பொட்டலம் வாங்கி, பட்டியல் பெற்று, பணத்தைக் கையில் கொடுங்கள். பருப்பு எங்கே வாங்குகிறார் என்றும் கேளுங்கள். என்னிடம் என்றால், தரம் பிரித்த பருப்பைப் பட்டியலோடு அனுப்பி வைக்கிறேன். கசந்தால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வரலாம்.